உடம்புக்குச் சொந்தக்காரர்

1981 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. ஆடிக்காற்று புழுதியை வாரி எடைமேடைமேல் போட்டது. நான் துண்டால் துடைத்தேன். மறுபடி போட்டது. புழுதியோடு நிறுத்தால் கணக்குத் தப்பாகுமே என்று எனக்குக் கவலை.

“விடுங்க சார், எல்லாருக்கும் ஒரே புழுதிதான” என்றார் டாக்டரம்மா.

அலங்காநல்லூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரின் பள்ளிக்கூட மைதானத்தில் இருந்தோம். பல்கலைக்கழகம் ஒன்றில் விளையாட்டு, உடல்நலம், சமுதாயம் மூன்றையும் சேர்த்து ஆராய ஒரு மையம் தொடங்கியிருந்தார்கள். உடற்கல்வித் துறைக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை, ஒரு பழைய வேன், ஐந்து பேர். டாக்டரம்மா தலைவர். ஒரு விரிவுரையாளர், ஓர் உதவியாளர், ஒரு டிரைவர். கணக்கும் அலுவலகமும் என் பொறுப்பு. கிராமத்து இளைஞர்களில் விளையாடுகிறவர்கள், விளையாடாதவர்கள் இரு சாராரையும் அளக்க வேண்டும். உயரம், எடை, நெஞ்சளவு, நாடி, மூச்சு. ஆறு மாதம் கழித்து அதே ஆட்களை மறுபடி அளக்க வேண்டும். மார்ச்சுக்குள் முந்நூறு பேர் சேராவிட்டால் அடுத்த வருடத்துக்கு டெல்லியிலிருந்து பணம் வராது.

அன்றைக்கு முப்பது பேர் வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தோம். நூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். யாரும் சொல்லாமலே சட்டையைக் கழற்றி, உயரவாரியாக வரிசை கட்டியிருந்தார்கள். ஆளுக்கொரு பாலிதீன் உறை வைத்திருந்தார்கள். அதற்குள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், வேலைவாய்ப்பு அலுவலக அட்டை. வேப்பமரத்தடியில் வாழைப்பழத் தோல் குவிந்து கிடந்தது. ஒருவன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்கும் போகாமல் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தான்.

விரிவுரையாளருக்கு மகிழ்ச்சி. ஊருக்கு ஆராய்ச்சியின் அருமை தெரிந்துவிட்டது என்றார்.

டீக்கடைக்குப் போய்வந்த டிரைவர்தான் விஷயத்தைக் கொண்டுவந்தார். முதல்நாள் ஊரில் தமுக்கு அடித்தவர், நெஞ்சளவு, உயரம், எடை பார்க்க மருதையிலிருந்து ஆபீசர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் வயசுப் பையனின் நெஞ்சை அளப்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு: போலீசுக்கு ஆள் எடுப்பது. எடை குறைந்தால் கழித்துவிடுவார்கள் என்று வெறும் வயிற்றில் இரண்டு சீப்புப் பழம் தின்று, தண்ணீர் குடித்து வருவது அவர்களுக்குத் தெரிந்த வழி.

விரிவுரையாளர் டாக்டரம்மாவின் காதருகே போனார். யார் எதற்காக வந்தால் என்ன, அளவு அளவுதானே, சொல்லாமல் விட்டால் ஒரே காலையில் முந்நூறில் மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிடும் என்றார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. ஆட்களை ஏறி இறங்கச் சொல்லி நாடி பார்ப்பதற்காக வைத்திருந்த மரப்பலகையின் மேல் டாக்டரம்மா ஏறி நின்றார்.

“தம்பிகளா, இது போலீசு செலக்‌ஷன் இல்ல. இதுல யாருக்கும் வேலை கிடைக்காது. ஆராய்ச்சிக்காக அளவெடுக்கிறோம். உங்க அளவு என்னன்னு உங்ககிட்டச் சொல்லுவோம். அவ்வளவுதான் எங்களால முடியும்.”

 பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “அப்ப ரெண்டு சீப்புப் பழத்துக்கு யாரு காசு தாரது?”

சிரித்தார்கள். சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் குடித்தவன் முதலில் ஓடினான். கடைசியில் பதினான்கு பேர் மிஞ்சினார்கள். அதில் ஒருவன் அந்த ஊர்ச் சடுகுடுக் குழுவில் மூச்சடக்கி எதிர்ப்பக்கம் பாடிப் போவதில் பேர் வாங்கியவன். பத்தொன்பது வயது. கூட வந்தவன், “வாடா மாப்ள, போவோம்” என்று கையைப் பிடித்து இழுத்தான்.

“இருடா. தின்ன பழம் எம்புட்டு ஏறியிருக்குன்னு பாத்துட்டு வாரேன்.”

ஐம்பத்து நான்கரைக் கிலோ இருந்தான். பழத்தைக் கழித்து எழுதும்படி என்னிடம் சொன்னான். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். மற்றவர்களுக்கு அரை நிமிடத்துக்குள் எடுத்துவிடுகிறவர் இவனுக்கு எடுக்கவில்லை. குழலை இடம் மாற்றி வைத்தார். பெஞ்சில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அவனைச் சுற்றுச்சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவன் முதலில் சிரித்தான், அப்புறம் சிரிக்கவில்லை. திரும்பி வந்து சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, மேஜையில் உறையை மறந்துவிட்டுப் போனான். நான்தான் ஓடிப்போய்க் கொடுத்தேன்.

அவனுக்கு என்னவென்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

“அவர் உடம்பு சார். அவர்கிட்டச் சொல்லியாச்சு.”

அவ்வளவுதான் அவர். கண்டதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. ஆனால் அந்த உடம்புக்குச் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லமாட்டார். முதல் பாதியைத்தான் ஊர் அறியும். இரண்டாவது பாதியைப் புரிந்துகொள்ள எனக்கே நாளாயிற்று.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். எந்த விளையாட்டும் ஆடத் தெரியாது. பல்லாங்குழிகூடத் தோற்பேன் என்பார். ஒருமுறை டவுன் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரைக் குனியச் சொல்லிக் காதருகே, அவர் கணுக்கால் இரண்டும் வீங்கியிருப்பதையும், இரவில் காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க வேண்டும் என்பதையும் சொன்னார். அந்த மனிதர் அதையே யோசித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வரவேண்டிய பதினைந்து காசு பாக்கி வரவில்லை.

மையத்தின் தொடக்க விழாவுக்கு ஒரு மில் முதலாளி வந்தார். மாடிப்படி இருபத்தாறு. ஏறி வந்து மேடையில் உட்கார்ந்தவரின் அருகில் டாக்டரம்மா போய், மாலை போடுகிற சாக்கில் காதில் ஏதோ சொன்னார். ஒரு மணி நேரம் பேசுவார் என்று பயந்திருந்தோம். அவர் நான்கு நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொண்டு, யாரும் எதிர்பாராமல் டாக்டரம்மாவை வணங்கிவிட்டு இறங்கிப் போனார். பதிவாளர் இரண்டு தடவை கேட்டும், காதில் என்ன சொன்னார் என்பதை டாக்டரம்மா சொல்லவில்லை. பதிவாளருக்கு அது கடைசிவரை மனக்குறை.

என் மனைவி ஒருநாள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். சாவி கொடுக்க வந்தவள், பத்து நிமிடம் டாக்டரம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே வரும்போது முகம் சரியில்லை. டாக்டரம்மாவைக் கேட்டால், “வீட்டம்மாவைக் கேளுங்க” என்றார். வீட்டில் கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். வில்லாபுரத்து வீட்டில் நான் மூன்று இரவு தூங்கவில்லை. இருக்கிற நோய்களையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். நான்காம் நாள் சொன்னாள்: கண்ணாடி போடச் சொன்னாராம். கண்ணாடி போட்டால் வயசாகித் தெரியும் என்று எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

எனக்கு டாக்டரம்மாமேல் கோபம் வந்தது. “உங்ககிட்டச் சொல்லியிருந்தா நீங்க மூணு ராத்திரி நல்லாத் தூங்கியிருப்பீங்க. அவங்க அதுக்கப்புறம் என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றார்.  கோபம் மட்டும் போகவில்லை.

ஆகஸ்ட் மாதத்திலிருந்து அந்தச் சடுகுடுப் பையன் மையத்துக்கு வர ஆரம்பித்தான். அலங்காநல்லூர் பஸ்ஸில் வந்து இறங்கி, இன்னொரு பஸ் மாறி, மாடி ஏறி வருவான். நடுப்படியில் ஒருதரம் நிற்பான். உள்ளறைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே வெளியே வருவான். எனக்கு வணக்கம் வைப்பான். சரியாக இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை. மருந்து யார் செலவு என்று பார்த்தேன்; மையத்துக் கணக்கில் வரவில்லை. டாக்டரம்மாவே வாங்குகிறார் என்று புரிந்தது. ஊசி எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

ஒருநாள் அவர்கள் பேசியது கதவுவழியே கொஞ்சம் கேட்டது. மூச்சடக்கி ஆடுகிற ஆட்டம் கூடவே கூடாது என்று அவர் சொன்னார். பொங்கல் வரைக்குமாவது ஆட விடக்கூடாதா என்று அவன் கேட்டான். “விடுறதுக்கு நான் யாரு தம்பி? உங்க நெஞ்சு. ஆடினா என்ன ஆகும்னு சொல்லிட்டேன். இனிமே நீங்கதான்” என்றார்.  பிறகு அவன், வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்றான். அவர் சரி என்றார்.

பொங்கலுக்குப் பக்கத்து ஊரோடு சடுகுடுப் போட்டி. வருடாவருடம் நடப்பது. இவன் ஆடவில்லை. ஊர் தோற்றது.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தடவை அளப்பதற்காக அதே ஊருக்குப் போனோம். மைதானத்துக்குத் திரும்பும் முன்பே ஊர் கூடும் மந்தையில் வேனை நிறுத்தினார்கள். அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்தப் பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். குழுவை நடத்துகிறவர் ஒரு ரைஸ்மில்காரர், அவர்தான் விசாரித்தார். இவன் எதிர் ஊரில் காசு வாங்கிக்கொண்டு ஆடாமல் ஒதுங்கினான் என்பது குற்றம். சாட்சி என்னவென்றால், மூன்று வாரத்துக்கு ஒருதரம் யாரிடமும் சொல்லாமல் மருதைக்குப் போய் வருகிறான், ஏன் போகிறான் என்று கேட்டால் வாய் திறப்பதில்லை.

அவன் எங்கே போகிறான் என்பது எனக்குத் தெரியும். தேதிகூடச் சொல்வேன். ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். வேனிலிருந்து இறங்கி, “ஐயா, அந்தத் தம்பி...” என்று ஆரம்பித்துவிட்டேன்.

“சார்” என்றார் டாக்டரம்மா. “வண்டியில டேப்பு எத்தன இருக்குன்னு எண்ணிட்டு வாங்க.”

போய் எண்ணினேன். மூன்று இருந்தன. கிளம்பும்போதும் மூன்றுதான். திரும்பி வந்தபோது ரைஸ்மில்காரர் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“டாக்டரம்மா, நீங்க எதையும் பட்டுன்னு சொல்ற ஆளு. எனக்குச் சக்கரை இருக்குன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னீக. இவனுக்கு ஒடம்புல எதும் கோளாறா? அதனால ஆடலன்னா விட்டுருவோம். நீங்க சொன்னா ஊரு கேக்கும்.”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பையன் தரையைப் பார்த்தான்.

“உங்களுக்கு இருந்ததை உங்ககிட்டச் சொன்னேன். அவருக்கு இருக்கோ இல்லையோ, அவரைக் கேளுங்க.”

ரைஸ்மில்காரர் பையனிடம் திரும்பினார். “ஏன்டா, ஒடம்புக்கு எதும் நோவா?”

“ஒண்ணுமில்லண்ணே. நல்லாத்தான் இருக்கேன்.”

“பெறகு ஏன் ஆடல?”

“பிடிக்கல.”

“பிடிக்கலையாம்ல” என்றார் உட்கார்ந்திருந்த ஒருவர். “எம்புட்டுக்குப் பிடிக்கலன்னு கேளுங்க.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. டாக்டரம்மா நின்ற இடத்திலேயே நின்றார். புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் கை அப்படிச் சும்மா இல்லாமல் இருந்ததை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

நூற்றொரு ரூபாய் அபராதம், கோயிலுக்குக் கட்ட வேண்டும், இனி குழுவில் இடமில்லை என்று தீர்ந்தது. காசு வாங்கினவனுக்குப் பரிந்து ஒரு வார்த்தையும் பேசாத டாக்டரம்மாமேல் யாருக்கும் கோபமில்லை. ஆனால் ரைஸ்மில்காரருக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. உள்ளதைச் சொல்லாத ஆளுக்கு நாங்கள் ஏன் நெஞ்சைக் காட்ட வேண்டும், இனிமேல் அளக்க வரவேண்டாம் என்றார். அந்த ஊர்ப் பதினான்கு பேரும் எங்கள் கணக்கிலிருந்து போனார்கள்.

ஊர் எல்லையில் புளியமரத்தடியில் அவன் வேனுக்காகக் காத்திருந்தான். குறுக்குவழியில் ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. டாக்டரம்மா ஓடி வந்ததற்குத் திட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பேர் முன்னால் திருட்டுப் பட்டம் வாங்குவதற்கு உண்மையைச் சொன்னால் என்ன என்று கேட்டேன். அப்போதுதான் அவனே என்னிடம் சொன்னான். நெஞ்சில் வால்வு சரியில்லை, சின்ன வயசில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்ததால் வந்தது, வருடக்கணக்கில் ஊசி போட வேண்டும் என்று.

“தங்கச்சிக்கு மாசியில கல்யாணம் சார். மாப்பிள்ளையோட தாய்மாமன் அந்த மந்தையிலதான் ஒக்காந்திருந்தாரு. எம்புட்டுக்குன்னு கேட்டாரே, அவருதான். காசு வாங்கினவன் தங்கச்சியக் கட்டுவாக. நெஞ்சு சரியில்லாதவன் தங்கச்சியக் கட்டமாட்டாக. பரம்பரை நோவுன்னு சொல்லிப்பிடுவாக.”

கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்திலிருந்து அபராதம் கட்ட அவன் அப்பா முடிவு செய்திருந்தார். மகன் முகத்தைப் பார்க்காமல் எண்ணிக்கொண்டிருந்தார் என்றான்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். நூற்றுப் பதினெட்டு ரூபாய் முப்பத்தைந்து காசு. மறுநாள் கட்ட வேண்டிய வீட்டு வாடகை அதற்குள் இருந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம், எண்ணி வைத்திருக்கிறவனால் தெரியாது என்று சொல்ல முடிவதில்லை. நூற்றொன்றை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“இது மொய் தம்பி. கல்யாணத்துக்கு என்னால வர முடியாது. இவர் பேர்ல எழுதிக்கங்க. இவர் வீட்டுல விசேஷம் வந்தா நீங்க திருப்பிச் செய்யணும். சும்மா இல்ல.”

மொய் என்றதும் வாங்கிக்கொண்டான். என் பேரையும் முகவரியையும் கேட்டான். சொன்னேன்.

மறுநாள் காலை என் மேஜையில் ஒரு நூறு ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய் நாணயமும் இருந்தன. கல்யாணம் மாசியில் நடந்தது. மார்ச்சில் எங்களுக்கு முந்நூறு சேரவில்லை. அடுத்த வருடத்துக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள், அதற்கடுத்த வருடம் கொடுக்கவில்லை. 1984இல் இரண்டு அறையையும் உடற்கல்வித் துறைக்கே விட்டுவிட்டோம். விரிவுரையாளர், நூற்றுப் பன்னிரண்டு பேரை அன்றைக்கே அளந்திருந்தால் மையம் மூடியிருக்காது என்று பார்க்கும் இடமெல்லாம் சொன்னார். கணக்குப்படி அது சரிதான். அப்படி அளந்திருந்தால் டாக்டரம்மா ஒவ்வொரு நெஞ்சிலும் குழல் வைத்துக் கேட்டிருப்பாரா, வரிசையை ஓட்ட விட்டிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. டாக்டரம்மா கோயம்புத்தூரில் தம்பி வீட்டுக்குப் போனார். போகும் முன் அந்தப் பையனைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் சேர்த்துவிட்டார். எனக்கும் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அது என்னோடு.

1988 ஆவணியில் என் மூத்த மகளுக்குக் கல்யாணம். பரவைச் சந்தையில் ஒரு காய்கறி மண்டியில் அந்தச் சடுகுடுக்காரர் எடை போட்டுக் கணக்கு எழுதுவதாகத் தெரிந்து, பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரைப் பையன் என்று சொல்ல இனி முடியாது. கல்யாணத்தன்று வேட்டி சட்டையில், கையில் ஒரு பெண்குழந்தையோடு வந்தார். மண்டபத்து மாடிப்படி இருபத்திரண்டு. நடுவில் நிற்காமல் ஏறினார். தங்கைக்கு இரண்டு பிள்ளைகள் என்றார். ஊரில் இன்னும் காசு வாங்கினவன் என்றுதான் பேர், பொங்கலுக்குப் போனால் எம்புட்டு என்று கேட்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார். இதை நான் ஒருநாள் எழுதலாமா என்று கேட்டேன். பேர் போடாவிட்டால் எழுதுங்க என்றார். அதனால்தான் யார் பேரும் இதில் இல்லை.

மொய் நூற்றொன்று எழுதினார்.

அது என் பணம் இல்லை. திங்கட்கிழமை தபால் ஆபீசுக்குப் போய்க் கோயம்புத்தூருக்கு மணியார்டர் எழுதினேன். செய்தி எழுதும் இடத்தில், மொய் திரும்பி வந்தது, கொண்டுவந்தவர் சாப்பிட்டுப் போனார் என்று மட்டும் எழுதினேன். கமிஷன் இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய். நூறு ரூபாய் அனுப்பினால் ஐந்து, நூற்றொன்று என்றால் ஆறு என்றார் கவுண்டரில் இருந்தவர். அந்த ஒரு ரூபாயை விட்டுவிடலாமே சார் என்றும் சொன்னார்.

விடவில்லை. பத்து நாளில் டாக்டரம்மா கையெழுத்தோடு ஒப்புதல் சீட்டு வந்தது. வந்ததையும் போனதையும் கழித்துப் பார்த்தால், இதில் எனக்கு ஆன செலவு ஆறு ரூபாய்.